பதினெட்டு என்றேன், நாலு என்றார்

நான் நழுவிக்கொண்டிருந்தபோதுதான் அவர் என்னைப் பிடித்தார்.

காலை ஏழு மணி. பிள்ளைக்காம்பராவுக்குள் என் மகள் யாரோ ஒரு குழந்தையின் பால்மாத் தகரத்தைத் தட்டித் தட்டிச் சத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றரை வயது அவளுக்கு. அவள் கண் தகரத்தில் இருக்கும்போதே கிளம்பிவிட வேண்டும் என்பது என் திட்டம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரிப் படியிறங்கி, பனிமூட்டத்துக்குள் நாலு எட்டு வைத்திருப்பேன்.

"சார், சொல்லிட்டுப் போங்க."

குரல் ஒன்றும் உரக்க இல்லை. ஆனாலும் நின்றுவிட்டேன்.

"சொன்னா அழுவாளே அக்கா."

"அழட்டுங்க. அழுதுட்டு அதுவா நிறுத்திக்கும். ஏமாத்திட்டுப் போனீங்கன்னா, நாளைக்கு நீங்க மொகங் கழுவப் போனாக்கூட காலக் கட்டிக்கிட்டு நிக்கும். வாங்க, வந்து சொல்லிட்டுப் போங்க."

போனேன், சொன்னேன். அவள் போட்ட கத்தல் பள்ளிக்கூடம் வரை என் கூடவே வந்தது. இரண்டு வாரம் இதே கூத்து. மூன்றாம் வாரம் ஒரு நாள், "சரிப்பா, போ" என்று சொல்லிவிட்டுத் தகரத்தைத் தட்டப் போய்விட்டாள். எனக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம் அது. கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம் பிள்ளைக்காம்பரா. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்திருந்த வாத்தியார் என்பதால் என் மகளுக்கும் அங்கே ஒரு தொட்டில் கிடைத்தது. அந்த இடம் முழுக்க அக்காவின் பொறுப்பு. தோட்ட ஆபீசில் அவர் வேலைக்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. பிள்ளைகளுக்கு அவர் ஆயம்மா, மற்ற எல்லாருக்கும் அக்கா. சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "என்னையக் கேட்டீங்களா சார்?" என்பார்.

குட்டை உருவம். யாரோ ஆண்பிள்ளையின் கம்பளிச் சட்டையைக் கை மடித்துப் போட்டுக்கொண்டு, பால்மா வாசத்தோடு பனிக்குள்ளிருந்து வருவார். முகம் தெரிவதற்கு முன்னால் வாசம் வந்துவிடும். இன்றைக்கும் அவரை நினைத்தால் முதலில் அந்த வெள்ளைப் பனிதான் வருகிறது. கொஞ்ச நேரம் கழித்து வாசம். அதற்குப் பிறகுதான் அவர்.

ஊசி போடும் நாளில் அவரைப் பார்க்க வேண்டும். மருத்துவமாது ஊசியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "வலிக்காதுடா செல்லம்" என்று கொஞ்சுவார். அக்கா பக்கத்தில் நின்றுகொண்டு, "வலிக்கும். எறும்பு கடிச்ச மாதிரி வலிக்கும். பத்து எண்ணுறதுக்குள்ள போயிரும்" என்பார். மருத்துவமாதுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி பத்து எண்ணுவார்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கு மூன்றுக்கு மேல் தெரியாது. ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று என்று அதுவும் எண்ணும்.

வெளிநாட்டு விருந்தினர் சிலரோடு தோட்டத்து மேலாளரான பெரிய தொரை ஒருநாள் பிள்ளைக்காம்பராவைக் காட்ட வந்தார். "எல்லாம் நல்லா இருக்குதானே?" என்று கேட்டார். கேட்பது ஒரு மரியாதைக்கு. அக்கா மேலே கையைக் காட்டி, "அந்த மூலையில ஒழுகுது சார்" என்றார். அந்த மூலைக்கு மறுவாரமே புதுத் தகரம் வந்தது. அக்காவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. இரண்டையும் அவர் ஒரே முகத்தோடுதான் வாங்கிக்கொண்டார்.

ஹட்டன் டவுனில் புடைவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளியை எல்லாரும் நானா என்போம்; அவர் அக்காவைக் கண்டால் கல்லாவை விட்டு எழுந்து வாசலுக்கு வந்துவிடுவார். மரியாதையால் மட்டும் இல்லை. கடைக்குள் யாராவது பெண்பிள்ளை ஒரு சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு, "எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டுவிட்டால் நானாவின் வியாபாரம் அம்பேல். "தங்கச்சி, ஒங்களுக்கு டீ வாங்கித் தாறேன், வெளிய நிண்டே குடிங்க" என்று கெஞ்சுவார்.

அப்படிப்பட்டவரிடம்தான் நான் என் பொய்யைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

என் மனைவி இறம்பொடைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். காய்ச்சல் என்று படுத்தாள், ஒன்பதாம் நாள் இல்லை; பிறந்த ஊரிலேயே அடக்கம். அந்த ஒன்பது நாளும் மகள் என் கூடப்பிறந்த அக்காள் வீட்டில் இருந்தாள். சாவையும் பார்க்கவில்லை, அடக்கத்தையும் பார்க்கவில்லை. மூன்று மாதத்தில் எனக்கு மாற்றல் வந்தது. புது ஊர். யாருக்கும் எங்களைத் தெரியாது. லயத்து வரிசை வீட்டுக் குழந்தைகள் எல்லாம், "எங்கம்மா கட்டார்ல", "எங்கம்மா குவைத்துல" என்று சொல்லிக்கொண்டிருந்தன. "எங்கம்மா எங்கப்பா?" என்று மகள் கேட்டாள். "குவைத்துல" என்றேன். ஒரே ஒரு வார்த்தை. வேறு ஊராயிருந்தால் அந்தப் பொய் ஒரு வாரம் தாங்கியிருக்காது. மூன்று வீட்டுக்கு ஒரு தாய் வீட்டு வேலைக்குக் கடல் கடந்து போயிருந்த எங்கள் தோட்டத்தில் அது ஏழு வருடம் தாங்கியது. தீபாவளிக்கு முன்னால் ஹட்டனில் ஒரு பொம்மையும் சொக்லேட் தகரமும் வாங்கி, பழுப்பு டேப்பால் இறுக்கிச் சுற்றி, "அம்மா பார்சல்" என்று கொண்டுவருவேன். போனில் பேசக் கேட்டால், வேலை செய்கிற வீட்டில் விடமாட்டார்கள் என்பேன். கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

முதல் வாரமே அக்காவிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். யாரிடமாவது சொல்லாமல் முடியவில்லை. அவர் தொட்டில் துணியை மடித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் சார். ஆனா புள்ள என்னைய நேரா கேட்டுச்சுன்னா பொய் சொல்ல மாட்டேன். அத இப்பவே சொல்லிட்டேன்."

"கேக்க மாட்டா" என்றேன்.

ஏழு வருடம் அவள் கேட்கவில்லை.

இனி ஒரு புத்தகத்தின் கதைக்கு வருகிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு, மதியம் மூன்று மணிக்கு, நானாவின் கடைக்கு மேல் மாடியில் எங்கள் வாசகர் வட்டம் கூடும். ஆறேழு பேர். நானா, ஓய்வுபெற்ற ஒரு போஸ்ட்மாஸ்டர், இரண்டு மூன்று இளம் ஆசிரியர்கள், அக்கா. நான் செயலாளர். இரண்டு அலமாரிகள் இருந்தன: ஒன்று சிறுவருக்கு, ஒன்று பெரியவருக்கு. சாவி இரண்டும் என் இடுப்பில். எந்தப் புத்தகம் எந்த அலமாரிக்கு என்பதைக் கூடிப் பேசித் தீர்மானிப்போம். பெரியவர் புத்தகத்துக்கு நான் சிவப்புப் பொட்டு ஒட்டுவேன். அந்தப் பொட்டு ஒட்டும்போது எனக்கு நீதிபதி ஆகிவிட்ட மாதிரி இருக்கும்.

அக்கா எட்டாம் வகுப்பு. விரலை வரிக்கு அடியில் வைத்து, உதடு அசைய, மெதுவாக வாசிப்பார். ஒரு புத்தகத்துக்கு ஒரு மாதம் முழுக்க வேண்டும் அவருக்கு. ஆனால் ஒரு வரியையும் விடமாட்டார்.

அன்பளிப்பாக வந்த ஒரு பெட்டியில் அந்த நாவல் இருந்தது. அட்டையில் லாந்தரோடு ஒரு சிறுமி. பனியில் நடப்பவர்களை விழுங்கிவிடும் ஒரு மலை. அதற்குள் போய்விட்ட தாயைத் தேடி அந்தச் சிறுமி ஏழு கதவுகளைக் கடக்கிறாள். கதவுக்குக் கதவு ஒரு காவலன். ஒருவன் அவள் நிழலை உரித்து எடுத்துக்கொள்கிறான். ஒருவன் சிரிப்பை. ஆறாவது காவலன் தோலில்லாதவன். ஏழாவது கதவுக்குப் பின்னால் தாய் இருக்கிறாள், ஆனால் குளிர்ந்துபோய் இருக்கிறாள். சிறுமி தனியாக வெளியே வருகிறாள். அவ்வளவுதான் கதை. பிள்ளைகளுக்கு எழுதியதா பெரியவர்களுக்கு எழுதியதா என்று புத்தகத்தில் எங்கேயும் போட்டிருக்கவில்லை.

எல்லாரும் கைமாற்றி வாசித்து முடிக்க நாலு மாதம் ஆயிற்று. விவாதத்துக்கு வைத்த ஞாயிறன்று ஜன்னலை யாரோ திறந்து விட்டிருந்தார்கள். பனி உள்ளே வந்து எங்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டது. எதிரே இருந்தவர் முகம் பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை. கீழே பஸ் நிலையத்துச் சத்தம் எங்கேயோ தூரத்து ஊரில் கேட்பதுபோல் கேட்டது. அந்த மலைக்குள்ளேயே இருந்துகொண்டு அந்த மலையைப் பற்றிப் பேசினோம் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

"பதினாறு வயசுக்கு மேலதான்" என்று தொடங்கினார் நானா. "எண்ட மகனுக்குப் பதினாலு. அந்தத் தோலில்லாதவன் வாற எடத்த வாசிச்சா எங்கட ஊட்டுல பத்து நாளைக்கு ஒருத்தரும் தனியா பாத்ரூம் போக ஏலாது. நானே போகல்ல."

போஸ்ட்மாஸ்டர் புத்தகத்தைக் கையில் தூக்கிப் பார்த்தார். அவருக்கு எதையும் எடைபோட்டால்தான் பிடிபடும். "முக்கால் கிலோ இருக்கும். சின்னப்பிள்ளை கையில கொடுக்கிற எடையா இது? எழுதினவர் பெரியவங்களைத்தான் நெனச்சு எழுதியிருக்கார்."

"கதாநாயகிக்குப் பத்து வயசு சார். அப்ப பத்து வயசுக்காரங்களுக்குத்தானே?" என்றார் ஓர் இளம் ஆசிரியர்.

"அப்படிப் பார்த்தா நாய் வாற கதையெல்லாம் நாய்க்கா?" என்று நானா கேட்டதில் மாடியே அதிர்ந்தது.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தேன். முக்கால் மணி நேரம் பேசினேன். பிஞ்சு மனம் என்றேன், சமூகப் பொறுப்பு என்றேன், நம்பிக்கையூட்டும் இலக்கியம் என்றேன். கடைசி அத்தியாயம் ஒரு குழந்தையின் இருதயத்தில் கத்தி இறக்குகிறது என்று சொல்லும்போது என் குரலே உடைந்தது. "பதினெட்டு வயதுக்குக் கீழே யார் கையிலும் இது போகக் கூடாது" என்று முடித்தேன். அத்தனை பேச்சுக்கும் காரணம் என் வீட்டில் இருந்த ஒரு பத்து வயதுப் பிள்ளை. அட்டையைப் பார்த்த நாளிலிருந்து அவள் அந்தப் புத்தகத்தைக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க?" என்றார் நானா.

"நாலு" என்றார் அக்கா.

"நாப்பதா?"

"நாலு வயசுங்க."

சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. "காம்பராவுல சொல்லிப் பாத்தேன். மொதல் மூணு கதவும் கேட்டுச்சுக. ரெண்டு பேரு ஒண்ணுக்கு இருந்துட்டாங்க. மத்ததெல்லாம் தூங்கிருச்சு. மறுநாள் வந்து, மிச்சத்தச் சொல்லுங்கன்னு உக்காந்துக்கிச்சுக. அதுகளுக்குப் பயம் இல்லாம இல்ல. கூட ஆளு இருந்தா தாங்கும். அம்மா வரமாட்டாங்கிற எடத்துல ஒரு புள்ள அழுதுச்சு. மடியில வச்சுக்கிட்டேன். நாலு வயசுல சொல்லியிருக்க வேண்டியத பதினெட்டுல சொன்னா, சொன்ன ஆள யாரு நம்புவா?"

சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை, குறிப்பாக என்னைப் பார்க்கவில்லை. மற்றவர்கள் புத்தகத்தைப் பற்றி என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது. என் மகள் தாயைக் கேட்க ஆரம்பித்தபோது அவளுக்கு நாலு வயது நடந்துகொண்டிருந்தது.

கை தூக்கச் சொன்னேன். அக்காவைத் தவிர எல்லாரும் என் பக்கம். சிவப்புப் பொட்டை எச்சில் தொட்டு ஒட்டி, பெரியவர் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அன்றைக்கு இரவு நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த புதன்கிழமை, பள்ளி விடும் நேரம், அக்கா பொலித்தீன் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் ஓடிவந்தார். மகள் பள்ளி விட்டதும் நேரே பிள்ளைக்காம்பராவுக்குப் போய், தொட்டில் ஆட்டிக்கொண்டு எனக்காகக் காத்திருப்பது வழக்கம். அன்றைக்கு அவளுக்கு அரை நாள்தான் பள்ளி.

"சார், இன்னைக்குக் கேட்டுருச்சு."

"என்ன கேட்டா?"

"சின்னதுக கதைய அரகொறையாச் சொல்லியிருக்குக. அந்தப் பொஸ்தகத்துல அம்மா திரும்பி வந்துருவாங்களான்னு கேட்டுச்சு. வரமாட்டாங்கன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் தொட்டில ஆட்டிச்சு. அப்பறம், எங்கம்மா வருவாங்களான்னு கேட்டுச்சு."

"என்ன சொன்னீங்க?"

"ஒங்கப்பாகிட்ட கேளுன்னேன். அது பொய் இல்ல. ஆனா எம் மூஞ்சியப் பாத்துச்சு சார். இன்னைக்கு ஒங்களக் கேக்கும். திடீர்னு கேட்டு நீங்க தெகைச்சுப் போயிறக் கூடாதேன்னு ஓடியாந்தேன்."

அவர் எனக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போகிறார் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. "எட்டாங்கிளாஸ் படிச்சிட்டு எனக்குப் புள்ள வளர்க்கச் சொல்லித் தர்றீங்களா?" என்றேன். என் வாழ்க்கையில் நான் பேசிய பேச்சுகளில் இதை நினைத்தால்தான் இன்றும் கூசுகிறது.

"ஆமாங்க சார், எட்டுதான்" என்றார். "பக்கத்துல உக்காந்து சொல்லுங்க. நின்னுக்கிட்டுச் சொல்லாதீங்க." தாளை இழுத்துப் போர்த்திக்கொண்டு மழைக்குள் போய்விட்டார்.

மகள் அன்று கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவள் கேட்காததுதான் என்னை உலுக்கியது. மறுநாள் ஹட்டனுக்குப் போய் அலமாரியைத் திறந்து, புத்தகத்தை எடுத்து வந்தேன். "வா, வாசிப்போம்" என்றேன். அன்று தொடங்கி, விளக்கு வைக்கும்வரை, நாலு மாலை. நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். தோலில்லாதவன் வந்தபோது என் மடியில் ஏறிக்கொண்டாள். ஏழாவது கதவு என் முறைக்கு வந்தது. வாசித்து முடித்தேன். புத்தகத்தை மூடவில்லை. மூடினால் தைரியம் போய்விடும் என்று தெரியும்.

"உங்கம்மா குவைத்துல இல்லடா" என்றேன்.

மிச்சத்தையும் சொன்னேன். காய்ச்சலை, ஒன்பது நாளை, இறம்பொடையை.

"அப்ப அந்தப் பார்சல் எல்லாம் யாரு அனுப்புனது?"

"நான்தான்."

"எல்லா பொம்மையுமா?"

"எல்லாம்."

அப்போதுதான் அழுதாள். தாய்க்காகவா பொம்மைக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பிள்ளைக்காம்பராவில் அக்காவின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். நான் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அக்கா ஒரு தடவையாவது "நான் அப்பவே சொன்னேனே" என்று சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சொல்லவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் நான் எழுந்து, புத்தகத்தின் சிவப்புப் பொட்டை எடுத்துவிட வேண்டும் என்றேன். "என்ன மாஸ்டர், போன மாசம்தானே கத்தி கித்தி எண்டீங்க?" என்றார் நானா. எல்லாவற்றையும் சொன்னேன். போஸ்ட்மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்து நானா கேட்டார், "மகள், நீங்க சொல்லுங்க. இது எத்தனை வயசுக்கு?"

"எனக்குத் தெரியாது" என்றாள். "ஆனா அப்பா தனியா வாசிக்கக் கூடாது."

நானா விழுந்து விழுந்து சிரித்தார். பொட்டை உரித்தேன். எந்த அலமாரிக்கு என்பதில் அன்றும் சண்டைதான், தீரவில்லை. மேசைமேலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டோம். இன்றைக்கும் அது மேசைமேல்தான் கிடக்கிறது, அட்டை போய்விட்டது. அக்கா இப்போது கினிகத்தேனையில் மகன் வீட்டில் இருக்கிறார்.

அந்த வருடப் பள்ளி விடுமுறையில் மகள் கேட்டாள்: "அம்மாவ எங்க பொதச்சீங்க?" காட்டச் சொன்னாள். அக்காவும் வர வேண்டும் என்றாள். செவ்வந்தி மாலை ஒன்று வாங்கிக்கொண்டு மூவரும் பஸ் ஏறினோம். இறம்பொடையில் இறங்கி, தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் மேலே ஏற ஏற, பனி கீழேயிருந்து எங்களுக்குப் பின்னால் ஏறி வந்தது. அருவிச் சத்தம் மட்டும் இடப் பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மயானம் மலை முனையில். மானாப் புல் இடுப்புயரம் வளர்ந்திருந்தது. அதற்குள் மேடு மேடாக மண். கல் கிடையாது, பெயர் கிடையாது. அடையாளத்துக்கு நான் நட்டுவைத்த கட்டை எப்போதோ உக்கிப்போயிருக்க வேண்டும். மனைவியின் வீட்டார் அந்தத் தோட்டத்தை விட்டுக் கொழும்புப் பக்கம் போய் வருடக்கணக்காகிவிட்டது. கேட்க ஆளில்லை. பொய் வெளியே தெரிந்துவிடும் என்று பயந்து ஏழு வருடமாக நான் அந்தப் பக்கமே போகவில்லை. இந்த மேட்டைப் பார்த்தேன், அந்த மேட்டைப் பார்த்தேன். எல்லாம் ஒன்றுபோல் இருந்தன.

"எதுப்பா?" என்றாள் மகள்.

பக்கத்தில் ஒரு மேடு கொஞ்சம் ஒழுங்காக, புல் குறைவாக இருந்தது. என் கை அதன் பக்கம் நீண்டுவிட்டது. பிள்ளை இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள், ஏதாவது ஒன்று இருக்கட்டும் என்றுதான். அக்கா பூப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

கையை இறக்கினேன். நின்றுகொண்டு சொல்ல முடியவில்லை. ஈரப் புல்லில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தெரியலம்மா. அப்பாவுக்கு எடம் தெரியல."

"ஒண்ணுமே ஞாபகம் இல்லியா?"

"மழை பேஞ்சுச்சு. ஒங்கம்மாவோட பச்சைச் சேலை ஒண்ணு மேல போர்த்துனோம். அவ்வளவுதான்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பொய்யா என்று பார்க்கிறாள் என்பது புரிந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பிறகு அவள் எழுந்து மேடுகளுக்கு நடுவே போனாள். பனிக்குள் மறைந்தாள், தெரிந்தாள், மறைந்தாள். அவள் எண்ணுகிற சத்தம் மட்டும் வந்தது. திரும்பி வந்து அக்காவின் முன்னால் நின்றாள்.

"எல்லாத்துக்கும் ஒவ்வொரு பூ வைக்கலாம் ஆயம்மா. அப்ப அம்மாவுக்கும் வச்ச மாதிரி. பூ பத்துமா?"

அக்கா மாலையை மடியில் போட்டு, ஒவ்வொரு பூவாகத் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"பத்தாதுடா" என்றார்.

மகள் கீழே உட்கார்ந்து, ஒரு பூவை எடுத்து இதழ் இதழாகப் பிரித்து என் கையில் கொஞ்சம் வைத்தாள், அக்காவின் கையில் கொஞ்சம் வைத்தாள். "நீங்க அந்தப் பக்கம் போங்கப்பா" என்றாள். நான் போனேன்.